கிரேஸ் அக்காவின் வெங்காயப் படம்

நான் ஓயாமல் பேசுகிறவள். வீட்டில் கணவரும் கல்லூரியில் மாணவிகளும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அப்படிப்பட்ட என்னைத்தான், திருச்சியில் நாங்கள் நடத்தும் திரைப்படக் கழகம், தன் படங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத இயக்குநர் ஒருவரைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. வேறு யாருக்கும் விடுமுறை கிடைக்கவில்லையாம்.

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கிய பிறகும் தரை கடலைப் போல ஆடிக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு படம் வாங்கிப் போக வந்தேன் என்றேன். என்ன படம்? சந்தையில் வெங்காயம் விற்கிற படம். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் மெதுவாக மொழிபெயர்த்தார்: "இந்தியாவில வெங்காயம் இல்லையோ எண்டு கேக்கினம்."

நியாயமான கேள்விதான். வெங்காயம் இருக்கிறது, கிரேஸ் அக்கா இல்லை.

கேள்வி கேட்காமல், பின்னணிக் குரல் வைக்காமல், இசை சேர்க்காமல், நடப்பதை நடக்கிறபடியே பார்த்துக்கொண்டிருக்கும் ஆவணப்படங்களை இலங்கைத் தமிழில் முதலில் எடுத்தவர் கிரேஸ் அக்கா என்று எங்கள் கழகம் நம்புகிறது. அவரும் அப்படியே நம்புகிறார். அவருடைய எல்லாப் படங்களையும் சேர்த்துத் திருச்சியில் ஒரு விழா வைக்கிறோம். எல்லாம் கைக்கு வந்துவிட்டன, கடைசிப் படமான 'வெங்காயம்' தவிர. அதை எடுத்துச் சில வருஷங்கள் ஆகியும் அவர் எங்கேயும் காட்டவில்லை. அழைப்பிதழில் நாங்கள் அதை அச்சடித்தே விட்டோம். அந்தத் துணிச்சல் என்னுடையது.

உடுவிலில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது அக்கா விறாந்தையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, காற்சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்ந்த குடும்பம்.

"வாரும், கலா. கப்பல் ஆட்டினதோ? முதலில சாப்பிடும், பிறகு கதைப்பம்" என்றார்.

இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கொடுத்து அதைக் குழந்தைச் சாப்பாடாக்கி வைத்திருக்கிறோம். இங்கே சொதியில் பச்சைமிளகாய் கமகமக்கிறது, சம்பல் நாக்கைத் தட்டி எழுப்புகிறது. சாம்பாரை நான் தேடவே இல்லை. இதைத் திருச்சியில் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்.

படத்தில் பேசாதவர் வீட்டிலும் பேசமாட்டார் என்று நினைத்து நிறையக் கேள்விகளோடு போயிருந்தேன். அக்கா தாராளமாகக் கதைத்தார். அடக்கமும் கிடையாது. "என்ரை படங்கள் நல்ல படங்கள். வேறை ஆரும் எடுத்திருந்தா நானே காசு குடுத்துப் போய்ப் பாத்திருப்பன்" என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலையில்தான் தொடங்கினாராம். வீடியோ கமரா வந்த புதிதில் அங்கிருந்த ஆண்கள் அதைத் தொடப் பயந்தார்கள். இவர் தூக்கித் தோளில் வைத்தார். முதல் வேலை ஒரு கலியாண வீடு. தாலி கட்டும் நேரம் எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் பார்க்க, இவர் கமராவைத் திருப்பிப் பெண்ணின் தகப்பனைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி நின்ற மனிதர், தாலி ஏறி முடிந்ததும் மெல்ல வாயை மூடினார். அவ்வளவுதான் படத்தில் இருந்தது.

"வீட்டுக்காரர் வந்து, தாலி எங்கை, தாலி எங்கை எண்டு ஒரே சத்தம். ஸ்டூடியோ வேலை அண்டைக்கே போயிட்டுது" என்று சிரித்தார். "ஆனா பிழை என்னிலதான். முகத்தை எடுத்தது பிழையில்லை. அவைக்கு முதலில காட்டாமல் ஊருக்குப் போட்டுக் காட்டினது பிழை. அண்டைக்கு முடிவெடுத்தனான். படத்தில இருக்கிற ஆக்கள் முதலில பாக்கவேணும். அவை ஓம் எண்டாத்தான் மற்ற ஆக்கள்."

அந்த விதியை அவர் இன்றுவரை விடவில்லை. கூட்டுறவுக் கடை வரிசையை ஒரு காலை முழுக்க நின்று எடுத்த 'சங்கக்கடை'தான் அவரை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோன படம். அதன் நடுவில் ஒரு காட்சி பொசுக்கென்று அறுந்து வேறிடத்தில் தொடரும். அந்த வெட்டை நானே வகுப்பில் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன், காலத்தைக் குலைக்கும் துணிச்சல் அது இது என்று.

"துணிச்சலோ? கந்தையா அண்ணை தன்னைக் காட்டவேண்டாமெண்டு சொல்லிப்போட்டார், வெட்டிப்போட்டன்" என்றார் அக்கா.

யுத்த காலத்தில் பற்றரிக்கு வழியில்லாத வருஷங்கள் இருந்தன. அப்போது கமரா இல்லாமலே சந்தையிலும் கிணற்றடியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் போய் நிற்பாராம். சனம் கேட்டால், தொழில் பழகிறன் என்பாராம். "நிக்கிறதுதான் வேலை. நீர் அதில நிக்கிறீரெண்டதைச் சனம் மறக்கவேணும். கமரா பிறகு வரும்."

சாப்பிட்டு முடித்ததும் 'வெங்காயம்' படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்.

செம்மண் தோட்டம், கிணற்றுத் தண்ணீர், பிடுங்கிக் காயவைத்த சின்ன வெங்காயம், எல்லாம் வந்து கடைசியில் சுன்னாகம் சந்தையில் நிற்கிறது படம். அங்கேதான் அந்தக் காட்சி. சந்தைக் கூரை முடிகிற விளிம்பு. ஒரு மனிதர் சாரம் கட்டி, வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். கீழே வெங்காயக் குவியலும், அதைப் பிரிக்கிற ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் மட்டும் தெரிகின்றன. முகம் இல்லை, குரல் இருக்கிறது. அப்பப்பா, என்ன குரல்! "இஞ்சாருங்கோ, விடிய வெள்ளெனச் சொன்னனானே, கேட்டியளோ? தராசைச் சரியாப் பிடிக்கத் தெரியாது. கேட்ட ஆளுக்கெல்லாம் ஒரு பிடி கூடப் போடத் தெரியும். குடையையும் மறந்துபோட்டு வந்தாச்சு. இப்ப மரம் மாதிரி நிக்கிறியள். போய் அந்த மூட்டையை இறக்குங்கோவன்!" இப்படியே போகிறது, வெட்டே இல்லாமல். அவர் பதில் சொல்வதில்லை, போவதும் இல்லை. கால் வலிக்கிற மாதிரி அவ்வப்போது ஓர் அடி தள்ளி நிற்கிறார். மறுபடி ஏச்சு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமை அக்கா! நாளைக்கே எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"ஏலாது" என்றார்.

ஏசுகிற பெண் மனோன்மணி, ஏழாலையில் இருக்கிறார். நிற்கிறவர் அவர் கணவர் நடராசா. அந்தப் படம் எடுத்துச் சில மாதங்களிலேயே மனிதர் இறந்துவிட்டார். உள்ளே நோய் இருந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாகப்போற மனிசனைச் சந்தையில வைச்சு ஏசினவள் என்று தன்னை ஊர் சொல்லும், இனி உலகமும் சொல்லும் என்பது மனோன்மணியின் பயம். படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். பார்க்காமல் ஓம் சொன்னாலும் அக்கா ஏற்கமாட்டார். நடராசாவுக்காக ஓம் சொல்லக்கூடியவரும் அந்தப் பெண் ஒருவர்தான். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மீதி வெறும் விவசாயப் படம்.

இவ்வளவுதானா, நான் பேசிச் சரிக்கட்டிவிட மாட்டேனா என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை அக்கா தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் சிவநேசன் அண்ணை பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டியை நிறுத்தினார். பதற்றமே இல்லை. "இருங்கோ தங்கச்சி, இப்ப வாறன்" என்று ஒரு வெற்றுப் போத்தலோடு நடந்து போய்விட்டார். நான் வெங்காயத் தோட்டத்தின் ஓரமாக, சிவந்த மண்ணில், தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். இதே அனுபவம் திருச்சியில் நேர்ந்திருந்தால் ஆட்டோக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே சண்டை போட ஆளே இல்லை.

மனோன்மணி வீட்டுத் தகரப் படலைக் கதவருகே நின்று கூப்பிட்டேன். அறுபது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண். நான் யார் என்று கேட்கும் முன்னரே கதிரை போட்டார். கறுப்புத் தேநீரும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும் வந்தன. பனங்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு தேநீரை அதன்மேல் விடவேண்டும். அந்த ருசிக்கு நான் அடிமையாகி, வாய் இன்னும் தாராளமாகிவிட்டது.

"அம்மா, படம் பார்த்தேன். நீங்க திட்டுற சீன் இருக்கே, பிரமாதம்! எங்க ஊர்ல கைதட்டுவாங்க. நான் சிரிச்ச சிரிப்புல வயிறே வலிச்சுப்போச்சு!"

அவர் முகம் இறுகியதை நான் பார்த்தேன். ஆனால் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

"சிரிச்சனீங்களோ?" என்றார். கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை. சிறிது நேரம் கதிரையில் இருந்துவிட்டு, நானே படலையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

அக்காவிடம் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். பாண் ரொட்டியை வெட்டி முடித்துவிட்டு, "நாளைக்குச் சந்தைக்குப் போவம். நீர் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. ஏலுமோ?" என்றார்.

"முயற்சி பண்றேன்."

"முயற்சி மட்டும் காணாது."

மூன்றாம் நாள் காலை சுன்னாகம் சந்தை. எங்கள் காந்தி மார்க்கெட்டில் கால் வைத்தால் தோளில் ஒரு மூட்டை இடிக்கும், காதில் ஒரு வசவு விழும். இங்கேயும் சத்தம்தான், ஆனால் விலை பேசுவதில்கூட ஒரு மரியாதை. "என்னம்மா, கத்தரிக்காய் இண்டைக்கு எங்களோடை கோவமோ?" என்று ஒருவர் விலையைக் கேட்டுவிட்டுச் சொன்னார். மனோன்மணி அதே கூரை விளிம்பில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அருகே பெரிய குடை ஒன்றைக் கட்டி நட்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா குவியலுக்கு எதிரே போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை, கமரா இல்லை, பை இல்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, வெங்காயம் வாங்க வந்தனீங்களோ?"

"இல்லை, மனோ. நிக்க வந்தனான்."

"நிண்டுகொண்டிருங்கோ. எனக்கென்ன?" என்றவர் என்னைக் காட்டி, "உந்தப் பிள்ளைக்கு இண்டைக்கு வாயில கட்டோ?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. ஆட்கள் வந்தார்கள், வாங்கினார்கள், எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் எங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இதுதான் அந்தப் புகழ்பெற்ற கலை என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதில் இது எதுவுமே இல்லை. கால் கடுத்தது, தாகம் எடுத்தது, நாக்கு தவித்தது.

பொறுக்க முடியாமல் அக்காவின் காதில் கிசுகிசுத்தேன்: "அப்படி என்னதான் அவங்க பார்க்கணும் அந்தப் படத்துல? நீங்களே சொல்லிடுங்களேன்."

"கதைச்சுச் சொல்லுறதெண்டால் எனக்குக் கமரா என்னத்துக்கு?" என்றார், தலையைத் திருப்பாமல்.

சந்தை கலையும் நேரம். மனோன்மணி மிச்ச வெங்காயத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"உதில அவர் எப்பிடி நிக்கிறார்?"

"வந்து பாரும்" என்றார் அக்கா.

"நான் ஏசுறதைக் கேட்டுக்கொண்டு, அழுமூஞ்சியோடயோ?"

"வந்து பாரும், மனோ."

சாக்கின் வாயைக் கட்டினார். அவிழ்த்து, மறுபடி கட்டினார். "என்ரை வீட்டிலதான் பாப்பன். பின்னேரம் வாங்கோ. ஆரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. உவ வரட்டும், வாயை மூடிக்கொண்டு" என்றார். உவ என்பது நான்.

பின்னேரம் போனபோது மனோன்மணி மாம்பழ நிறச் சேலை உடுத்தி, தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். சுவரில் நடராசாவின் படம், அதற்குப் புதுப்பூ. ஜன்னல்களைப் போர்வையால் மறைத்திருந்தார். எங்காவது விசேஷத்துக்குக் கிளம்புகிறாரா என்று என் வாய்வரை வந்தது. விழுங்கினேன். அவர் என் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. "ஏன், மனிசனைப் பாக்கேக்கை நல்லதொண்டு உடுக்கக்கூடாதோ?" என்றார்.

அக்கா தொலைக்காட்சியில் படம் இருந்த பென் டிரைவைச் செருகினார். தோட்டமும் கிணறும் போய், சந்தைக் காட்சி வந்தது. நடராசா திரையில் நின்றார். மனோன்மணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தன் முகம் திரையில் வரும் வரும் என்று காத்திருந்து, அது வராமல் கணவர் முகமே நிற்க, குழம்பிப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா திரையையே பார்த்தார்.

திரையில் ஏச்சு நடந்துகொண்டிருந்தது. தராசு, கூடப்போட்ட பிடி, மறந்த குடை. குடையைச் சொன்னபோது மனோன்மணிக்குச் சிரிப்பும் விம்மலும் ஒன்றாக வந்தன. "எப்பவும் மறந்துபோட்டுத்தான் வருவார்" என்றார். மரம் மாதிரி நிக்கிறியள் என்ற இடத்தில் நடராசா ஓர் அடி தள்ளி நின்றார்.

மனோன்மணி எழுந்து தொலைக்காட்சிக்கு அருகே போனார். திரையின் அடியில் வெங்காயம் பிரிக்கும் தன் கைகளைத் தொட்டார்.

"உதென்ன கறுப்பு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கைகளின் மேல் இருட்டாக ஒரு திட்டு இருந்தது. அதைச் சுற்றி எல்லாம் வெயிலில் பளபளத்தன.

"திரும்பப் போடுங்கோ, அக்கா."

அக்கா காட்சியை முதலிலிருந்து போட்டார். வெயில் நகர்ந்து அந்தக் கைகளில் விழுகிறது. நடராசா ஓர் அடி தள்ளி நிற்கிறார். கைகளின் மேல் நிழல் வந்து விழுகிறது. கொஞ்ச நேரத்தில் வெயில் மறுபடி கையைப் பிடிக்கிறது, அவர் மறுபடி ஓர் அடி. மூட்டையை இறக்கப் போகச் சொல்கிறது குரல். அவர் மூட்டையைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், போகாமல் நிற்கிறார். நான் கால்வலி என்று நினைத்துச் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

"என்ரை ஐயோ" என்றார் மனோன்மணி. "எனக்கு வெயில் பிடிக்காமல் நிண்டிருக்கிறார். உள்ளுக்கு நோயோடை, வருத்தக்கார மனிசன். நான் நிமிந்து பாக்கேல்லையே, அக்கா. ஒருக்கா நிமிந்து பாக்கேல்லையே."

தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தார். நானும் அழுதேன். என் கணவர் எத்தனை இடங்களில் இப்படிப் பேசாமல் நின்றிருப்பார் என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மனோன்மணி நிமிர்ந்தார். "ஓம், அக்கா. காட்டுங்கோ. அவருக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

அக்கா தலையசைத்தார். கழுத்துச் சிலுவையை அவர் விரலால் இறுகப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தன் படங்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகப் பேசியவர், இந்த ஒரு ஓமுக்காக இத்தனை வருஷம் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

மனோன்மணி முன்னால் அன்று முழுக்கக் காத்த வாய் எனக்கு அங்கேதான் உடைந்தது. அந்த அம்மாவுக்கு ஆறுதலாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"அம்மா, அந்த இடத்துல உங்க குரலைக் கொஞ்சம் கம்மி பண்ணிடலாம். வார்த்தை யாருக்கும் கேட்காது. உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

மனோன்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் கேட்ட அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது.

"ஏன் குறைக்கிறது? ஒரு சொல்லும் குறைக்காதேங்கோ, பிள்ளை. நான் போகச்சொல்லிப் போகச்சொல்லி ஏசினது கேட்டாத்தானே, அந்த மனிசன் போகாமல் நிண்டது உங்கடை சனத்துக்கு விளங்கும்."

பிறகு அக்காவின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, எந்தப் பொத்தான் என்று கேட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, இன்னொருமுறை போடச் சொன்னார்.